நடக்காமல் விட்ட பதினாலு சங்கிலி

1

இந்த ஊரில் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் பதில் சுரங்கத்தில் போய்த்தான் முடியும். ஆஸ்பத்திரி, சுரங்க ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம், சுரங்கப் பள்ளிக்கூடம். நீச்சல்குளம், நூலகம், மாதா கோவில், கால்பந்து மைதானம் எல்லாம் சுரங்கம் கட்டியவை. நான் குடியிருக்கும் வீடும் சுரங்கத்துடையதுதான். வீட்டுக்குப் பின்னால் செம்பை உருக்கி எடுத்த பிறகு கொட்டிய கசடு ஒரு கறுப்பு மலையாக நிற்கிறது. ஜாம்பியாவின் வடக்கே செம்பு வெட்டுகிற வட்டாரத்தில் இருக்கிறது இந்த நகரம். ஊரில் யாருக்குக் கடிதம் எழுதினாலும் "ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்த்தாயா?" என்றுதான் பதில் வருகிறது. பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாகப் பாறையைத்தான் பார்க்கிறேன்.

போன ஐப்பசியோடு வந்து பன்னிரண்டு வருடம். அதைக் கொண்டாட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அரசாங்கக் கடைக்குச் சோப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது சோப்பு தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஊரிலிருந்து இரண்டு கடிதங்கள் கிடந்தன. இரண்டும் ஒரே நாளில் வந்தது தபால்காரர் செய்த வேலையாக இருக்கலாம். என் நேரம் என்றும் சொல்லலாம்.

முதல் கடிதம் மாயழகு எழுதியது. மாயழகு எனக்குத் தூரத்து உறவு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அழகர்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வேலை அவன் குடும்பத்துக்கு. பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"மாப்ள வீரணா, நலம். கம்மா வத்திப்போச்சு. மழை பேஞ்சும் வத்திப்போச்சு. குருவிக்கரட்டுல இருந்து வர்ற ஓடையக் குவாரிக்காரக தோண்டிப்புட்டாக. ஊரே சேந்து கோர்ட்டுக்குப் போயிருக்கோம். அவுக வக்கீலு சர்வே படத்தைக் காட்டி, அங்க ஓடையே கிடையாதுங்குறாரு. படத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு வரதன் சாரு. அவரு செத்துப் போயி நாலு வருசமாச்சு. இன்னொண்ணு நீ. நீ பாத்ததை எழுதி, அங்க உள்ள நம்ம நாட்டு ஆபீசுல சத்தியம் பண்ணி அனுப்பு. படத்தோட நகலு உள்ள வச்சுருக்கேன்."

இரண்டாவது என் அண்ணன் பெரியசாமி எழுதியது. அந்தக் குவாரியில் அண்ணன்தான் மேஸ்திரி. தமிழ்ச்செல்வி அவர் மகள்.

"தம்பி, மாயழகு உனக்கு எழுதுவான்னு தெரியும். எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத. தமிழ்ச்செல்விக்கு மாப்ள முடிவாகியிருக்கு. முதலாளி வீட்டு மண்டபத்துலதான் கல்யாணம். நீ ஊருக்கு வந்தா குவாரி சர்வே பூராவும் உன் பொறுப்புலதான்னு சின்ன முதலாளி அவரு வாயாலயே சொல்லிட்டாரு. உனக்கு அங்க வேலை போகப் போகுதுன்னு எழுதியிருந்தயே, அதுக்காகத்தான் நான் அவுக வாசல்ல போயி நின்னேன். கெடுத்துக்கிறாத."

வேலை போகப் போவது உண்மை. செம்பு விலை விழுந்துகொண்டே இருக்கிறது. அடுத்த வருடம் என் ஒப்பந்தம் முடிந்தால் நீட்டமாட்டார்கள் என்று மேலாளர் முலெங்கா முன்பே சொல்லிவிட்டார். நாற்பத்து நாலு வயதில் இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பினால் எனக்கு வேலை கொடுக்க ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. மாயழகு சொன்னபடி எழுதினால் அதுவும் மூடிவிடும். அண்ணன் முகத்தில் விழிக்கவும் முடியாது.

2

குவாரி நடத்தும் சோலைராசு முதலாளி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்காது, நான் மாற்றி வைத்த பெயர். வீடு எதுவென்று யாரும் துருவ வேண்டாம். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல.

நான் சிறுவனாக இருந்தபோது சோலைராசும் அவர் அப்பாவும் அம்மி கொத்தினார்கள். ஆட்டுரல், வாசற்படி, தோட்டத்துக் கல்தூண் என்று எது கேட்டாலும் கொத்திக் கொடுப்பார்கள். பிறகு ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் காண்டிராக்ட் வந்தது. அதன் பிறகு ஒரு லாரி, மூன்று லாரி. எழுபதுகளின் நடுவில் அவர்கள் உடைக்கிற கல் ஜல்லிக்கல் இல்லை, மெருகு போட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கல் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து கல்லை உடைக்காமல் வீடு பெரிசுக்குப் பாளம் பாளமாக அறுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். எந்த நாட்டில் எவன் தரைக்குப் போகிறதோ, எவன் கல்லறைக்குப் போகிறதோ, அவர்களுக்கும் தெரியாது.

அந்தக் கல் ஊரை எப்படி மாற்றியது என்று நான் லீவில் போகும்போதெல்லாம் பார்த்தேன். மதுரைக்கு வரும் அழகர் வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். சாமி தங்கிப் போக ஒரு குடும்பமோ ஒரு தெருவோ பந்தல் போட்டுப் பூசை செய்து, வந்தவர்களுக்கெல்லாம் மோரும் பானகமும் கொடுக்கும். சோலைராசு வீட்டு மண்டகப்படி முன்னால் நாலு மூங்கிலும் தென்னங்கீற்றும்தான். நான் வெளிநாடு வந்த மூன்றாம் வருடம் அது பதினாறு கல்தூண் மண்டபமாகிவிட்டது. அதன் பிறகு பஸ் கண்டக்டரே "கல்மண்டபம் எல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார். அங்கே அதற்கு முன்னால் ஒரு புளியமரத்தின் பெயரில் ஸ்டாப் இருந்தது.

அடுத்தது தல்லாகுளத்தில் கல்யாண மண்டபம். கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் அதன் நிழலில்தான் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். அப்புறம் ஒரு சினிமாக் கொட்டகை. எங்கள் ஊருக்கு ஒரு உயர்நிலைப் பள்ளிக் கட்டிடம். அந்தப் பள்ளியில்தான் என் அண்ணன் மகள் தமிழ்ச்செல்வி பத்தாவது வரை படித்தாள், எங்கள் வீட்டில் அவ்வளவு படித்த முதல் பெண் அவள். அதை மறைத்துப் பேச எனக்கு வாய் வராது. பெரிய மகனுக்குப் பஸ் முதலாளி வீட்டில் பெண் எடுத்தார்கள். சின்ன மகனுக்கு நூல் மில் வீட்டில். பேரப்பிள்ளைகள் கொடைக்கானலில் படிக்கிறார்கள். கல் கொத்தின கை கலெக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. எங்கள் அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்கு உழுதவர். எங்களைப் போலவே வெயிலில் கிடந்த ஒருவர் மேலே போனதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஒரு பாத்தியதை உண்டு. செம்புச் சுரங்கத்துக்குச் சர்வே தெரிந்தவர்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது, மெட்ராஸில் பேட்டி முடிந்து எனக்கு வேலை கிடைத்தும் பாஸ்போர்ட் வரவில்லை. எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு நற்சான்று கொடுக்க எந்த அதிகாரி வருவார்? ஒரு நாள் சோலைராசு முதலாளியே சைக்கிளில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். இடது கட்டைவிரலில் நகம் இல்லாத கை. உளி தப்பிப் போனது.

"ஏம்ப்பா வீரணா, கடல் தாண்டப் போறியாமே. காயிதம் எங்க நிக்குது?"

"தெரியலண்ணே. ஆபீசு ஆபீசா அலையுறேன்."

"எம்புட்டு நாளா அலையுற? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாளைக்குக் காலையில என்கூட வா. நம்ம ஊருப் பய ஒருத்தன் போறான்னா நமக்குத்தானப்பா பெருமை."

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய அதிகாரி முன்னால் நிறுத்தினார். பதினைந்து நாளில் பாஸ்போர்ட் கையில் இருந்தது. மதுரை ஜங்ஷனில் எனக்கு மாலை போட்டதும் அவர்தான். எதையும் திருப்பிக் கேட்டதில்லை. அதனால்தான் இது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

3

இனி என் வேலையின் லட்சணத்தைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வரதன் சார் என்ற சர்வேயருக்கு உதவியாளன். அவர் அளப்பார், நான் எழுதுவேன். சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள். அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலியைத் தரையில் இழுத்து இழுத்துத்தான் அன்றைக்கு நிலம் அளப்பது. எங்கள் ஊர்ப் பக்கம் புறம்போக்கு நிலங்களை மறுபடி அளந்து படம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. சித்திரை மாதம். வெயில் சங்கிலியில் ஏறி, தொட்டால் கை சுட்டது.

கண்மாயிலிருந்து தொடங்கி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைப் பிடித்துக்கொண்டே குருவிக்கரட்டு அடிவாரம் வரை வந்தோம். கரடு என்றால் எங்கள் பக்கம் சின்னப் பாறைக் குன்று. ஓடை அதன் இடுப்பில் இருக்கும் ஒரு ஒற்றைப் பாறையின் அடியில் பிறக்கிறது. சித்திரையில் அங்கே தண்ணீர் இருக்காது, காய்ந்த மணலும் கருவேல முள்ளும்தான். அடிவாரத்திலிருந்து ஒற்றைப் பாறை வரை இன்னும் பதினாலு சங்கிலி தூரம் ஏற வேண்டும். மணி மூன்று.

அன்றைக்குச் சாயங்காலம் அழகர் மலையை விட்டு மதுரைக்குக் கிளம்புகிறார்.

சங்கிலி பிடித்த ஆட்களில் ஒருவர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். "சார், எனக்குத் துருத்தி நேர்ச்சை இருக்கு. வீட்டுக்குப் போயி குளிச்சுட்டுத் துருத்திய எடுக்கணும். இதுக்கு மேல நின்னா சாமி போயிரும்" என்றார். அழகர்மேல் தண்ணீர் பீச்சும் தோல்பையைத்தான் துருத்தி என்பது. நேர்ச்சை என்று சொன்ன ஆளை எங்கள் பக்கம் எந்த அதிகாரியும் நிறுத்தமாட்டார். வரதன் சாருக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

"மேல என்னப்பா இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஓடை பாறை வரைக்கும் போகுது சார்."

"தண்ணி ஓடுதா?"

"இப்ப இல்ல சார். ஐப்பசியில ஓடும்."

"ஐப்பசியில வந்து பாத்துக்குவம். இப்பப் பாறைனு போட்டுக்க."

போட்டேன். அடிவாரத்தோடு ஓடைக்கோட்டை நிறுத்தினேன். அதற்கு மேலே 'பாறை, தரிசு' என்று என் கையால் எழுதினேன். சின்ன வயதில் எருமையை ஓட்டிக்கொண்டு போய் நான் குளித்த ஓடை அது. எழுதி முடித்ததும் நேர்ச்சைக்காரர் துருத்தி எடுக்க வீட்டுக்கு ஓடினார், மற்ற மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாக அழகர்கோவில் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சோலைராசு வீட்டுக் கீற்றுப் பந்தலில் எல்லாருக்கும் கொடுத்த நீர்மோரைத்தான் எங்களுக்கும் கொடுத்தார்கள். கோவிந்தா சத்தத்தில் காது அடைத்துப் போனது. கண்ணில் தண்ணீர் வரக் கும்பிட்டேன்.

ஐப்பசி வந்தபோது எங்களை வேறு தாலுகாவுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் அப்படியே மேலே போய் முத்திரை வாங்கிவிட்டது. யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அழகரைப் பார்க்கும் அவசரத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு ஓடையை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். நீரோடை இல்லாத பாறை என்பதால் சில வருடம் கழித்து அந்தப் படத்தை வைத்துக் குருவிக்கரட்டைக் குவாரிக்குக் குத்தகை விட்டார்கள்.

போன தடவை லீவில் போனபோது கரட்டின் மேற்குப் பக்கம் வெள்ளையாக வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். எந்த இடம் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

4

அந்த லீவில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெம்பா மக்கள் பெரியவர்களைக் கண்டால் சற்றுக் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் குழித்து மெதுவாகத் தட்டுவார்கள். அதுதான் மரியாதை. பன்னிரண்டு வருடத்தில் அது என் கையில் ஒட்டிக்கொண்டது. தல்லாகுளம் மண்டபத்து வாசலில் சோலைராசு முதலாளியைப் பார்த்ததும் குனிந்து கை தட்டிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "என்னப்பா, கட்டிடம் அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்று மேலே அண்ணாந்து பார்த்தார். நல்லாத்தான் இருக்குண்ணே என்றேன்.

என் மனைவி ராசாத்தி அதைச் சொல்லி இன்னும் சிரிப்பாள். பிள்ளைகளுக்கு அதில் என்ன சிரிப்பு என்றே புரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தட்டுகிற கையோடுதான் வளர்ந்தார்கள். மகன் குமரன் கனவில் பெம்பாவில் உளறுகிறான். மகள் மலருக்குப் பதினைந்து வயது, ஆங்கிலம்தான் சுலபம், தமிழ் எங்களுக்காகப் பேசுகிறாள். ஊர் திரும்புவோம் என்றால் "உங்க ஊருக்கா?" என்று கேட்கிறாள். 'நம்ம' என்று திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

இங்கே நான் பார்க்கும் வேலையும் அளக்கிற வேலைதான். மாதக் கடைசியில் பூமிக்குள் இறங்கி எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று அளந்து சொல்ல வேண்டும். வந்த புதிதில் இந்த நகரத்தைப் பார்த்து வாய் பிளந்தேன். ஒவ்வொரு வீதிக்கும் மரம். ஐப்பசியில் நீலப்பூக்கள் கொட்டுமே, அந்த மரங்களும் சுரங்கம் நட்டவைதான். மேலாளர் வீடு எது, ஃபோர்மேன் வீடு எது, தொழிலாளி வீடு எது என்று கூரையைப் பார்த்தே சொல்லலாம். எங்கள் நிறத்துக்காரர்களை ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் உள்ளே விடாத கிளப்பில், இப்போது இந்த நாட்டின் புதிய பெரிய குடும்பங்கள் மாலையில் உட்கார்ந்திருக்கின்றன. பெயர்ப்பலகை மாறியது, நாற்காலி அதேதான்.

ஆனால் செம்பு விலை சறுக்கியதும் நீச்சல்குளத்தில் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். பிறகு நூலகத்துக்குப் புத்தகம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், மருந்து இல்லை. கறுப்பு மலை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் புல்லும் முளைக்காது. சுரங்கம் ஊருக்குக் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டே என் ஊர்க் கரட்டைப் பற்றி யோசிக்காமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டிருக்கிறேன்.

5

கடிதங்கள் வந்து ஒரு வாரம் நான் யாருக்கும் பதில் எழுதவில்லை. மாயழகு அனுப்பிய படத்தின் நகல் மேசைமேல் கிடந்தது. மலர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிக்கிறவள். சாப்பிட உட்கார்ந்தவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ரிவர் எங்க இருந்து வருது?"

"ரிவர் இல்லம்மா. ஓடை."

"அது எங்க ஸ்டார்ட் ஆகுது? ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து வருதே. தண்ணி அப்படி வராதுல்ல? யாரு போட்டது இந்த மேப்?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "எங்க டீச்சர்னா ஃபெயில் போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு வருடம், அதற்கு முன்னால் சில வருடம், எத்தனையோ அதிகாரிகள், ஒரு கோர்ட்டு, இரண்டு வக்கீல்கள். பதினைந்து வயதுப் பெண் ஒரு கவளம் சோற்றுக்கு நடுவில் கேட்டதை ஒருவரும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் எழுந்து போன பிறகு, எழுதட்டுமா என்று ராசாத்தியிடம் கேட்டேன். அவளுடைய அப்பா வயலும் அதே கண்மாய்ப் பாசனம்தான்.

"எங்கய்யா அந்தத் தண்ணியிலதான் நெல்லு வச்சாரு. எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் தட்டு கழுவினாள். "எழுதுங்க. ஆனா ஊருக்குப் போயி நம்ம என்ன பண்ணப் போறோம்னு என்னைய மட்டும் கேக்காதீக. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

6

நம் நாட்டுத் தூதரகம் தலைநகரமான லுசாக்காவில் இருக்கிறது. பஸ்ஸில் ஏழு மணி நேரம், நடுவில் ஒரு டயர் வெடித்ததால் ஒன்பது மணி நேரம். வாக்குமூலத்தை நானே ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். மொத்தம் ஒரு பக்கம்தான். குருவிக்கரட்டின் ஒற்றைப் பாறைக்கு அடியிலிருந்து ஓடை ஒன்று இருந்தது. அது இருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பதினாலு சங்கிலி தூரத்தை நாங்கள் நடந்து அளக்கவில்லை. அளக்காமலே பாறை என்று எழுதியது நான்.

அங்கே இருந்த அதிகாரி வடநாட்டுக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தவர். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கள்மேல் உள்ள தப்பை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். புரிந்துதான் எழுதினீர்களா?"

"புரிந்துதான் ஐயா."

"யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லை ஐயா. எழுத வேண்டாம் என்றுதான் வற்புறுத்தினார்கள்."

அவர் சிரித்தார். பேனாவை எடுத்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, புகைப்படம் இரண்டு வேண்டுமே என்றார். நான் கொண்டுவந்தது ஒன்று. ஊர் பூராவும் போட்டோ பேப்பர் தட்டுப்பாடு. இரண்டாவது படம் இல்லாமல் முத்திரை வைக்க விதி இடம் தராது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அன்றைக்கு வியாழன்.

தெரிந்த வாத்தியார் ஒருவர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். தினம் ஒரு ஸ்டுடியோவாக ஏறி இறங்கினேன். சுருக்கமாகச் சொன்னால், திரும்பிப் போக எனக்கு மூன்று நாள் அவகாசம் கிடைத்தது. சனிக்கிழமை பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன் என்பதையும் ஒளிக்கவில்லை. மதுரை ஜங்ஷனில் விழுந்த மாலையும், அண்ணன் இன்னொருவர் வாசலில் எனக்காகக் கைகட்டி நின்றதும் நெஞ்சில் வந்து வந்து நின்றன. அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தவர். தான் கல்லுடைக்கப் போய் என்னைப் பள்ளிக்கு அனுப்பியவர். எங்கள் பஸ்ஸுக்கு டீசல் இல்லை, திங்கட்கிழமைதான் என்றார்கள். டீசல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஒரு இந்தியக் கடைக்காரர் தன் மகனின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பேப்பரில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். முத்திரை விழுந்தது. அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அண்ணனுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஆறு முறை கிழித்து எழுதியது. கடைசியில் அனுப்பியதில் மூன்று வரிதான் இருந்தது. செய்துவிட்டேன் என்றும், உங்களை மீறியதற்கு மன்னிக்க வேண்டும் என்றும், நான் எழுதியது பொய் இல்லை என்று உங்களுக்கே தெரியும் என்றும்.

7

மாயழகு இரண்டு மாதத்தில் பதில் எழுதினான். கோர்ட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கரட்டைப் பார்த்தார்களாம். ஒற்றைப் பாறை இருந்த இடத்தில் இப்போது பனைமர ஆழத்துக்குக் குழி. "பாறையவே காணோம், ஓடை எங்க இருந்துச்சுன்னு காட்டுங்கன்னு அவுக வக்கீலு கேட்டாரு மாப்ள. நீ எழுதுன காயிதத்த நம்ம வக்கீலு சத்தமா வாசிச்சாரு. அப்புறம் அவுக வக்கீலு உக்காந்துட்டாரு" என்று எழுதியிருந்தான். கிழக்குப் பக்கம் இனிமேல் வெடி வைக்கக் கூடாது என்று தடை கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்துச் சரிவில் வழியும் மழைத்தண்ணீரைத் திருப்பி, கண்மாயில் முழங்கால் அளவு நிறுத்தியிருக்கிறார்களாம். வழக்கு இன்னும் நடக்கிறது. பாதிக் கரடு மிச்சம்.

அண்ணனிடமிருந்து கடிதம் வரவில்லை. மேஸ்திரி வேலை போகவில்லை என்று மாயழகு மூலம்தான் தெரிந்தது. எனக்குச் சொல்லியிருந்த வேலையைப் பற்றி யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு உறை வந்தது. தமிழ்ச்செல்வி கல்யாணப் பத்திரிகை. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. தல்லாகுளம் மண்டபம். மேலே பெரிய எழுத்தில் சோலைராசு முதலாளி முன்னிலையில் என்று போட்டிருந்தது. கீழே வரவேற்பவர்கள் பட்டியலில் தாய்மாமன், அத்தை, பெரியம்மா வீட்டார் வரைக்கும் எல்லார் பெயரும் இருந்தது. அவளுக்கு நான் ஒரே சித்தப்பா. நான் இரண்டு முறை வாசித்தேன். ராசாத்தி வாங்கி ஒரு முறை வாசித்தாள். சித்தப்பா என்ற வரி இல்லை.

"வேணும்னே விட்டுட்டாங்களா?" என்று மலர் கேட்டாள்.

"மண்டபம் அவுகளுது. பத்திரிகையும் அவுகதான் அடிச்சிருப்பாக" என்றாள் ராசாத்தி. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உறைமேல் விலாசம் அண்ணன் கையெழுத்து. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக வரைந்துதான் எழுதுவார். என் பெயருக்கும் தபால்பெட்டி எண்ணுக்கும் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று அதை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தந்தி கொடுக்க மலரையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். அங்கே வரிசை, அது முடிந்து இன்னொரு வரிசை. ஜன்னலில் இருந்த பெம்பா அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். அவசரத் தந்தி என்றால் காரணம் எழுத வேண்டும் என்று படிவத்தை நீட்டினாள்.

"கல்யாணம்" என்றேன்.

"யாருக்கு?"

"என் மகளுக்கு." எங்கள் பேச்சில் அப்படித்தான் வாயில் வரும். படிவத்திலும் அப்படியே எழுதினேன்.

அவள் என் பக்கத்தில் நின்ற மலரைப் பார்த்தாள். "உங்கள் மகள் இங்கே நிற்கிறாளே?"

"இது வேறு. என் அண்ணனின் மகள்" என்று திருத்தினேன். படிவத்தில் மகள் என்று எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் படிவத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

"எதற்கு அடிக்கிறீர்கள்? கூடப் பிறந்தவனின் மகள் உங்கள் மகள்தானே. எங்களிலும் அப்படித்தான்" என்று முத்திரையைக் குத்திவிட்டாள்.